பாண்டில் எழுதிவிட்டால் அது சட்டம் ஆகிவிடுமா?

"கையெழுத்துப் போட்டுட்டேன் சார், 3 வருஷத்துக்கு முன்னாடி வேலையை விட்டா 4 லட்சம் கட்டணுமாம்." வேலைக்குச் சேரும்போது எழுதிக் கொடுத்த பாண்டுடன் (இத்தனை வருடம் வேலையை விட மாட்டேன், விட்டால் பணம் தருவேன் என்ற பத்திரம்) வக்கீலான என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குவார்கள். பத்திரத்தைப் புரட்டினால் அந்த 4 லட்சம் தடித்த எழுத்தில் இருக்கும். அது எந்தச் செலவுக்கான பணம் என்பது மட்டும் எங்கேயும் இருக்காது.

இருவர் ஒப்புக்கொண்டு எழுதிய விதி இருவரையும் கட்டும், சரி. ஆனால் அந்த விதிக்கு வலு தருவது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். அது அனுமதிக்காததை முத்திரைத்தாளில் எழுதினாலும், நோட்டரியிடம் சீல் வாங்கினாலும் செல்லாதது செல்லாததுதான்.

பாண்டுத் தொகைக்கு வருவோம். இதற்கு அந்தச் சட்டத்தின் பிரிவு 74. மீறினால் இவ்வளவு என்று ஒப்பந்தத்தில் குறித்த தொகை உச்சவரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவோ, அதைத்தான் கேட்க முடியும். ஃபதே சந்த் வழக்கில் 1963இலேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. 2015இல் கைலாஷ் நாத் வழக்கில் இன்னும் தெளிவாக்கியது: இழப்பே இல்லையென்றால் இழப்பீடும் இல்லை. இழப்பைக் கணக்கிட முடியாத நிலையில்தான், குறித்த தொகை நியாயமான முன்மதிப்பீடாக இருந்தால் அதையே தரலாம். ஆகவே நான் முதலில் கேட்பது, "உனக்கு என்ன பயிற்சி கொடுத்தார்கள்?" என்பதைத்தான். இரண்டு நாள் கணினித் திரையில் பிபிடி ஸ்லைடு காட்டியதெல்லாம் 4 லட்சம் பெறுமா?

அதற்காகப் பாண்டு என்றாலே செல்லாது என்று யூடியூபில் யாரோ சொன்னதை நம்பி ராஜினாமா கொடுத்துவிடாதீர்கள். விஜயா வங்கி வழக்கில் 3 ஆண்டு முடியும் முன்பே வேலையை விட்ட மேலாளர் 2 லட்சம் தர வேண்டும் என்ற விதி செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொதுத்துறை வங்கி ஒரு காலியிடத்தை நினைத்தவுடன் நிரப்ப முடியாது. மறுபடி விளம்பரம், தேர்வு என்று செலவு உண்டு. அவர் வகித்த பதவிக்கும் சம்பளத்துக்கும் அந்தத் தொகை அதிகமில்லை என்றும் நீதிமன்றம் பார்த்தது.

"விலகிய பிறகு 2 வருடம் போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது" என்ற வரி வேறு வகை. ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 27இன்படி அது செல்லாது. வேலையில் இருக்கும்போது அப்படித் தடுக்கலாம், ரகசியம் காக்கச் சொல்லலாம்; விலகிய பின் பிழைப்பைத் தடுக்க முடியாது. விருப்பமில்லாதவரை வேலையில் தொடரச் சொல்லி நீதிமன்றமும் உத்தரவு போடாது.

அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்வது இன்னொரு தொல்லை. சான்றிதழ் சந்தைச் சரக்கு அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. எழுதிக் கேளுங்கள், கேட்டதற்கு ஆதாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

தொகை எழுதாத காசோலையை மட்டும் தரவே தராதீர்கள். அதில் தொகையை நிரப்பி வங்கியில் போட்டு, பணமில்லாமல் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் (Negotiable Instruments Act) பிரிவு 138இன்படி குற்ற வழக்கு வரும். கடன் இல்லை என்று காட்டும் சுமை உங்கள் தலையில் விழும். அப்புறம், வக்கீல் நோட்டீஸ் தீர்ப்பு அல்ல. ஆனாலும் பதில் அனுப்பாமல் இருக்காதீர்கள். பாண்டு, பணி நியமன ஆணை, பயிற்சி பற்றிய மின்னஞ்சல்கள், சம்பளச் சீட்டு இவற்றின் நகல்களுடன் வந்தால் ஒரே உட்காரலில் பதில் தயாராகிவிடும்.