கோரிலேட்டர்: பொருத்தம் பார்க்கும் சுற்று

வானொலி அலையில் வந்து சேரும் குறிப்பலையை, ஏற்பி முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்கும் வடிவத்தோடு ஒப்பிட்டு, இரண்டும் எவ்வளவு பொருந்துகின்றன என்று ஓர் எண்ணாகச் சொல்லும் சுற்றுதான் கோரிலேட்டர். ஜாதகத்தில் பத்துக்கு எத்தனை பொருத்தம் என்று பார்ப்பதைப் போலத்தான். என்ன, இங்கே நொடிக்குப் பல இலட்சம் முறை பார்க்க வேண்டும்.

சொல்லின் வேர் லத்தீன். 'கோர்' என்றால் சேர்ந்து, 'ரெலாத்தியோ' என்றால் தொடர்பு. கோரிலேஷனைப் புள்ளியியல் அளவாக்கியவர் பிரான்சிஸ் கால்டன்; 1888இல், உடலுறுப்புகளின் அளவுகள் எப்படிச் சேர்ந்து மாறுகின்றன என்று ஆராய்ந்தபோது. ரேடார் காலத்தில் அதே கணக்கு மின்னணுவியலுக்கு வந்தது. இரைச்சலில் புதைந்த துடிப்பைப் பிடிக்க ஏற்ற வடிப்பானை 1943இல் டி. ஓ. நார்த் வகுத்துக் காட்டினார். அதைப் பொருத்த வடிப்பான் எனலாம்.

தொடக்ககால வைஃபையில் ஒவ்வொரு பிட்டும் பார்க்கர் குறியீடு எனப்படும் 11 துண்டுகளாகப் போகும்: + − + + − + + + − − −. சரியான இடத்தில் வைத்து ஒப்பிட்டால் 11 துண்டும் பொருந்தும், விடை 11. அதே பிட் மீண்டும் மீண்டும் வரும்போது ஒரே ஒரு துண்டு நகர்த்திப் பாருங்கள்: 5 பொருந்தும், 6 பொருந்தாது, விடை −1. இந்தச் செங்குத்தான வீழ்ச்சிதான் குறியீட்டின் அழகே. சுற்றுக்குள் இதற்குப் பெருக்கல் செய்யும் பகுதி கூட வேண்டாம். இரண்டும் ஒன்றா என்று சொல்லும் எக்ஸ்நார் என்னும் சிறு தருக்கச் சுற்றும் ஒரு கூட்டியும் போதும்.

ஜிபிஎஸ்ஸில்தான் தலைவலி. அங்கே குறியீடு 1023 துண்டு நீளம், 1 மில்லிநொடிக்கு ஒருமுறை திரும்ப வரும். அது எங்கே தொடங்குகிறது என்று ஏற்பிக்குத் தெரியாது; அரைத் துண்டு வீதம் நகர்த்தித் தேடினால் 2046 இடங்கள். செயற்கைக்கோளின் வேகத்தால் அதிர்வெண்ணும் நகர்வதால், 10 கிலோஹெர்ட்ஸ் அகலத்தை 500 ஹெர்ட்ஸ் படிகளாகத் தேடினால் 21 படிகள். மொத்தம் ஏறத்தாழ 43,000 சோதனை. ஒரே கோரிலேட்டர் ஒவ்வொன்றுக்கும் 1 மில்லிநொடி எடுத்தால், ஒரு செயற்கைக்கோளுக்கே 43 நொடி! அதனால்தான் வடிவமைப்பாளர்கள் ஆயிரக்கணக்கில் இணையாக அடுக்குகிறார்கள். அப்புறம் இடமும் மின்சாரமும் இடிக்கும். குறிப்பாகக் கூட்டிகள் சில்லின் பரப்பை விழுங்கும். குறிப்பலை பிடிபட்டதும், குறியீட்டைச் சற்று முன், நேர், சற்றுப் பின் என வைத்து ஒப்பிடும் மூன்று கோரிலேட்டர் இருந்தாலே பின்தொடரலாம், மற்றவற்றை அணைத்துவிடலாம்.

தமிழில்? கோரிலேஷனுக்குத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ஒட்டுறவு என்றும், இலங்கை நூல்கள் இணைபு என்றும் எழுதுகின்றன. "அவர்களோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை" என்று பேசுகிறவர்களுக்கு ஒட்டுறவு சட்டென்று புரியும். ஆகவே கோரிலேட்டரை ஒட்டுறவுச் சுற்று என்பேன். ஒட்டுறவுமானி சரிப்படாது; மானி என்றதும் முள் ஆடும் அளவுகருவிதான் நினைவுக்கு வரும். குறியீட்டின் துண்டையும் ஆங்கிலத்தில் சிப் என்றே சொல்வார்கள். அதைச் சில்லு என்று பெயர்த்தால் சிலிக்கான் சில்லோடு குழம்பும். குறித்துண்டு என்று வைத்துக்கொள்ளலாம்.