உருப்போலி: 'ஜப்பானிய ஃபான்ட்' என்பதற்கு ஏற்ற தமிழ்ச்சொல்

விளையாட்டுக் கணக்கிலும் சமூக வலைதளப் பக்கத்திலும் பலர் தங்கள் பெயரை ஜப்பானிய எழுத்துப் போலத் தெரியும்படி அலங்கரித்து வைக்கிறார்கள். இதற்கு வழங்கும் பெயர் 'ஜப்பானிய ஃபான்ட்'. அந்தப் பெயர் இதற்குப் பொருந்தாது.

ஃபான்ட் என்றால் எழுத்துரு. உலோகத்தை உருக்கி வார்ப்பதைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து, அச்செழுத்தை ஈயத்தில் வார்த்த காலத்தில் வந்தது. எழுத்துருவை எத்தனை முறை மாற்றினாலும் 'அ' அகரம்தான். தோற்றம் மட்டுமே வேறாகும். இங்கோ எழுத்தே மாறிவிடுகிறது. ஆங்கில எழுத்தை எடுத்துவிட்டு, பார்வைக்கு அதைப் போலிருக்கும் வேறொன்றை யூனிகோடு என்ற, பல மொழி எழுத்துகளும் குறிகளும் அடங்கிய கணினிப் பட்டியலிலிருந்து வைக்கிறார்கள்.

ஆங்கிலத்தில் எழுதிய ரவி என்ற பெயரை இப்படி மாற்றினால் பெரும்பாலும் என்ன வரும் தெரியுமா? 'ஆர்' இருந்த இடத்தில் 'ஷாகு' என்ற காஞ்சி எழுத்து, அதாவது சீனத்திலிருந்து ஜப்பான் எடுத்துக்கொண்ட எழுத்து. ஓர் அடிக்குச் சற்றே குறைந்த நீள அளவை அது குறிக்கும். 'ஏ'வுக்குக் கத்தகானா என்ற ஜப்பானிய ஒலியெழுத்து வரிசையின் 'மு', 'வி'க்கு வர்க்கமூலக் குறி, 'ஐ'க்கு ஒரே ஒரு சாய்கோடாக இருக்கும் 'நோ'. ஜப்பானிய மொழி தெரிந்தவர் இதில் ரவியைக் காண வழியே இல்லை. முறையாகக் கத்தகானாவில் எழுதினால் 'ரா', 'பி' என்று இரண்டே எழுத்தில் முடிந்துவிடும்.

இன்னொரு வேடிக்கை: ஆங்கில 'பி'க்கு வைக்கும் காஞ்சி எழுத்தின் ஒரு பகுதியைப் பிரித்தெடுத்துத்தான் அந்தச் சாய்கோட்டு 'நோ'வே உண்டானது. தாயும் பிள்ளையும் இரு வேறு ஆங்கில எழுத்துகளாக நிற்கின்றன!

ஜப்பானிலேயே இதற்கு உறவான வழக்கம் ஒன்று இருந்தது. 2000-களின் தொடக்கத்தில் பள்ளி மாணவிகள் கைப்பேசிச் செய்திகளில் ஓர் எழுத்தை இரண்டாக உடைத்து எழுதினார்கள். 'கே' என்ற ஜப்பானிய எழுத்தை 'ரே', 'நா' என்ற இரு கத்தகானா எழுத்துகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். அதன் பெயர் 'கியாரு மோஜி'. கியாரு என்பது 'கேர்ள்' என்பதன் பேச்சு வடிவமான 'கேல்' ஜப்பானிய நாவில் மாறியது. மோஜி என்றால் எழுத்து. எமோஜியில் இருப்பதும் இதே மோஜிதான்.

அப்புறம், தமிழில் எப்படிச் சொல்வது? நம் இலக்கணமே கைகொடுக்கிறது. பந்தல் 'பந்தர்' ஆவதையும் நிலம் 'நிலன்' ஆவதையும் போலி என்கிறோம். ஓர் எழுத்துக்குப் பதில் இன்னொன்று வந்தும் பொருள் மாறாமல் நிற்பது அது. இங்கே உருவத்தை வைத்துப் பதிலி வருவதால் 'உருப்போலி' என்பது எனக்குச் சரியாகப் படுகிறது. ஒரு வேறுபாட்டை மட்டும் மறக்கக் கூடாது. பந்தரைப் படிப்பவருக்குப் பந்தல் புரியும். உருப்போலியில் எழுதிய பெயரோ கண்ணுக்கு மட்டுமே பெயர். தேடினால் பெரும்பாலும் சிக்காது, பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பானும் அதை ரவி என்று படித்துக் காட்டாது.