விளக்கைச் சுற்றி வானவில்: காற்றிலா, கண்ணாடியிலா, கண்ணிலா?

மார்கழியில் கொள்ளிடக் கரையோரம் பனி இறங்கினால் தெருவிளக்கு ஒவ்வொன்றும் வளையம் போட்டுக்கொண்டு நிற்கும். நிலாவும் அப்படித்தான், 'கோட்டை கட்டியிருக்கு, மழை வரும்' என்பார்கள். மெல்லிய மேகத்தின் நீர்த்துளிகளின் ஓரத்தில் பட்டு ஒளி வளைந்து பரவினால் நிலாவை ஒட்டிச் சின்ன வளையம், வெளியோரம் சிவப்பு. உயரத்து மேகத்தில் பனிப்படிகங்கள் இருந்தால் 22 பாகையில் பெரிய வளையம், சிவப்பு உள்ளோரம். இரண்டாலும் கண்ணுக்குக் கேடில்லை.

பனியே இல்லாத இரவில் தெரியும் வளையம்தான் விசாரிக்க வேண்டியது. முதலில் மூக்குக்கண்ணாடியைக் கழுவுங்கள், ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிடுங்கள். அறுப்புத் தூசியைச் சட்டை முனையால் ஒரே திசையில் துடைத்த கண்ணாடியில், துடைத்த கோட்டுக்குக் குறுக்கே ஒளிக்கு வால் முளைக்கும். அதற்கு வைத்தியர் வேண்டாம், வேறு கண்ணாடி போதும். அப்புறம் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கையை நீட்டி, கட்டைவிரலால் விளக்கை மட்டும் மறையுங்கள். வளையம் அப்படியே நின்றால் அது காற்றில் இருக்கிறது. விளக்கோடு சேர்ந்து மறைந்தால், கண்ணுக்குள். மறு கண்ணுக்கும் இதையே செய்யுங்கள். இரண்டையும் திறந்து வைத்துப் பார்த்தால் சோதனை பொய்த்துவிடும்.

கும்மிருட்டில் ஒற்றை எல்இடி பல்பைப் பார்த்தால் நல்ல கண்ணுக்கும் மங்கலாக ஒரு வளையம் தெரியலாம். நிறமில்லாமல் கதிர்கதிராகச் சிதறினால் பெரும்பாலும் கண்புரை அல்லது சிலிண்டர் பவர். புதிதாக வந்த நிற வளையம், உள்ளே நீலம் வெளியே சிவப்பு, கூடவே பார்வை மங்கல் என்றால் கண்ணழுத்த நோயான கிளாக்கோமாவைச் சந்தேகிக்க வேண்டும். அழுத்தம் திடீரென ஏறும்போது கருவிழியின் மேல்தோல் நீர்கோத்துவிடுகிறது. பனிமூட்டம் வெளியே செய்த வேலையை அந்த நுண்துளிகள் கண்ணிலேயே செய்கின்றன. சாதாரண அழுத்தம் 10 முதல் 21 மி.மீ. பாதரசம், அப்போது 40-ஐயும் தாண்டும்.

பொழுது சாய்ந்த பிறகும் சினிமா கொட்டகையிலும் இது வருவதற்குக் காரணம் உண்டு. அரையிருட்டில் கண் பாப்பா விரிய, கண்ணுக்குள் ஊறும் நீர் வெளியேறும் வழியான, பிறவியிலேயே குறுகலான வடிகால் கோணம் அடைபடுகிறது. புருவத்துக்கு மேல் வலி, குமட்டல். தூங்கினால் பாப்பா சுருங்கும், சில சமயம் விடியும்போது வலி இருக்காது. ஒற்றைத் தலைவலி என்று மாத்திரை போட்டே பலர் காலம் கடத்துவது இதனால்தான். 40 வயது கடந்தவர்கள், அதிலும் பெண்கள், தூரப்பார்வைக்கே பிளஸ் பவர் போடுபவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

பகலில் அழுத்தம் பார்த்தால் சரியாகவே இருக்கலாம். ஆகவே 'நிற வளையம் தெரிகிறது' என்று வாய்விட்டுச் சொல்லி, கோணத்தைப் பார்க்கும் கோனியோஸ்கோப்பி சோதனையைக் கேளுங்கள். கோணம் குறுகல் என்றால் பாப்பாவைச் சுற்றியுள்ள கருந்திரையில் லேசரால் சிறு துளை போடுவார்கள். சில நிமிட வேலை, பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். கண் சிவந்து, வலித்து, வாந்தியும் வந்தால் காலைவரை காத்திருக்காதீர்கள். பட்டுப்போன பார்வை நரம்பு திரும்பத் தளிர்க்காது. துளை போடும்வரை, வயிற்றுவலிக்கு டைசைக்ளோமைனோ சளிக்கு மாத்திரையோ வாங்கும்போது கோணம் குறுகல் என்பதை மெடிக்கலில் முதலில் சொல்லிவிடுங்கள். அவற்றில் சில, பாப்பாவை விரிக்கும்.