ஆச்சியின் காகிதப் பெட்டியில் ஒட்டுவது எது?

வீரவநல்லூர் வாசகி ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். அவருடைய ஆச்சி பழைய பேப்பரை ஊறப்போட்டு, வெந்தயம் சேர்த்து ஆட்டுரலில் ஆட்டி, பானையைக் கவிழ்த்து அதன்மேல் அப்பிப் பெட்டி செய்வாராம். "வெந்தயம் போடலன்னா பொலபொலன்னு உதுந்துரும்ளா" என்பது ஆச்சியின் வாக்கு. பேத்தி காணொளி பார்த்து, வெந்தயமே போடாமல் மிக்சியில் அடித்துச் செய்திருக்கிறார். பெட்டி நின்றுவிட்டது. ஆனால் விளிம்பு உதிர்கிறது. வயிற்றுப் பக்கம் ஒரு விரிசலும் விழுந்திருக்கிறது. பக்கத்து வீட்டு மதினி "கண்ணு பட்டிருக்கும்" என்கிறாராம். வெந்தயம் ஒட்டுவதற்கா, பூச்சி அண்டாமல் இருப்பதற்கா என்று தெரிய வேண்டுமாம்.

ஆச்சி சொன்னது பாதி சரி. மீதிப் பாதிதான் எனக்குப் பிடித்தது: அந்தப் பெட்டியில் முதல் பசை தண்ணீர். அதுவும் காய்ந்து போகிற நேரத்தில்தான் அது வேலை செய்கிறது.

திருநெல்வேலிப் பக்கம் இந்தக் கூழைப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இற்றுப்போன சுளகின் இடுக்குகளை அடைக்க இதைத்தான் பூசுவார்கள். ஓலைப்பெட்டி கிழிந்தாலும் இதே வைத்தியம். செய்முறையும் எல்லோருக்கும் தெரிந்ததே: காகிதத்தைக் கிழித்து ஓரிரு நாள் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி, தனியே ஊறிய வெந்தயத்தோடு மைய ஆட்டி, பிழிந்து, அச்சில் அப்பி, காயவைத்து எடுக்க வேண்டும். கைச்செலவு ஒரு கைப்பிடி வெந்தயம்தான்.

இனி ஒரு சின்னச் சோதனை. செய்தித்தாளில் இரண்டு பட்டைகள் கிழித்துக்கொள்ளுங்கள். ஒன்றைத் தண்ணீரிலும் இன்னொன்றைத் தேங்காய் எண்ணெயிலும் இரவு முழுக்கப் போட்டு வையுங்கள். காலையில் தண்ணீர்ப் பட்டை தொட்டாலே கிழியும். எண்ணெய்ப் பட்டையை இழுத்தால் ஏறத்தாழ உலர்ந்த காகிதத்தின் உறுதியோடு எதிர்த்து நிற்கும். இரண்டுமே நன்றாக நனைந்தவைதான். ஆனால் காகிதத்தைப் பிடித்து வைத்திருக்கும் எதையோ தண்ணீரால் அவிழ்க்க முடிகிறது, எண்ணெயால் முடியவில்லை.

காகிதம் என்பது செல்லுலோஸ் இழைகளின் பின்னல். செல்லுலோஸ் என்பது ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் அலகுகள் வரிசையாகக் கோத்த சங்கிலி. ஒவ்வொரு அலகிலும் மூன்று ஹைட்ராக்சில் கைகள், அதாவது ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த ஜோடிகள், நீட்டிக்கொண்டிருக்கும். ஓர் இழையின் கை அடுத்த இழையின் கையை நெருங்கினால் இரண்டுக்கும் நடுவே ஹைட்ரஜன் பிணைப்பு உண்டாகும். பள்ளியில் படித்ததுதான். சாதாரண வேதிப்பிணைப்போடு ஒப்பிட்டால் இதன் வலு பதினைந்தில் ஒரு பங்குகூட வராது. நெல்லையப்பர் தேரை ஒரு கை இழுத்து நகர்த்த முடியாது. ஆனித் திருவிழாவில் வடத்தில் அத்தனை கைகள் சேரும்போது நகர்கிறது. இதுவும் அப்படித்தான்.

சிக்கல் என்னவென்றால், இந்தக் கைகோப்பு நடக்க இரு பக்க ஆக்சிஜன் அணுக்களும் ஏறத்தாழ 0.27 நானோமீட்டர் தூரத்துக்குள் வந்தாக வேண்டும். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பகுத்தால் ஒரு நானோமீட்டர். அதில் மூன்றில் ஒரு பங்கைவிடக் குறைவு. உலர்ந்த காகிதத் தூளை எவ்வளவு இறுக்கி அமுக்கினாலும் பெட்டி ஆகாது. முரட்டு இழைகள் மேடும் பள்ளமுமாக ஒன்றையொன்று தொடும் இடம் மிகக் குறைவு. நம் கையால் இந்தத் தூரத்தைக் கடக்க வழியே இல்லை.

அதைத் தண்ணீர் செய்கிறது. ஊறிய இழை பருத்து இளகிவிடும். நீளம் அதிகம் கூடாது, குறுக்களவுதான் கூடும். கூழ் காயத் தொடங்கியதும் இழைகளுக்கு இடையே இருக்கும் நீர் மெல்லிய படலமாகச் சுருங்குகிறது. அந்தப் படலத்தின் ஓரம் உள்நோக்கி வளைந்திருக்கும். பரப்பு இழுவிசையால் அந்த வளைவு இரு இழைகளையும் உள்ளே இழுக்கும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். அறை வெப்பநிலையில் நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு ஏறத்தாழ 0.072 நியூட்டன். இடைவெளி ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால், இழைகளை நெருக்கும் அழுத்தம் 1.4 வளிமண்டலம். இடைவெளி அதில் பத்தில் ஒன்றாகும்போது அழுத்தம் 14 வளிமண்டலம் ஆகிவிடும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம். இழைகள் நெருங்க நெருங்க இழுப்பு கூடுகிறது. இழுப்பு கூடக்கூட இன்னும் நெருங்குகின்றன. வெளியிலிருந்து யாரும் அமுக்கவில்லை. மொட்டை மாடியில் சும்மா கிடக்கிற பெட்டிக்குள் பெரிய ஆலை இயந்திரத்தால்கூட ஒவ்வோர் இழைக்கும் தனித்தனியே தர முடியாத நெருக்கடி நடந்துகொண்டிருக்கிறது. கடைசி நீர் மூலக்கூறுகள் வெளியேறும் நேரத்தில் எதிரெதிர்க் கைகள் வேண்டிய தூரத்துக்கு வந்துவிடுகின்றன. அதுவரை தண்ணீரைப் பிடித்திருந்த கை, தண்ணீர் போனதும் பக்கத்து இழையைப் பிடித்துக்கொள்கிறது. சீனாவில் சாய் லுன் கி.பி. 105-இல் மரப்பட்டையும் கந்தலும் பழைய மீன்வலையும் சேர்த்துக் காகிதம் செய்யும் முறையை அரசவையில் வைத்த நாளிலிருந்து நடப்பது இதுதான். ஆகவேதான் வீரவநல்லூர்ப் பெட்டி வெந்தயம் இல்லாமலும் நின்றது.

பிறகு ஏன் உதிர்கிறது? முதல் சந்தேகம் மிக்சி மேல். மிக்சியின் கத்தி இழையை வெட்டும். ஆட்டுரலின் குழவி இழையை நசுக்கும். நசுங்கிய இழையின் மேல்தோல் பிய்ந்து நுண்ணிய மயிர்கள் எழும்பும். தொடும் பரப்பு பல மடங்கு கூடும். 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் காகிதக்கூழுக்கென்று அரைக்கும் தொட்டி செய்தார்கள். இன்றைய ஆலைகளும் கூழை அரைத்தே ஆக வேண்டும். ஆச்சி அதைத் திண்ணையில் உட்கார்ந்தபடி செய்திருக்கிறார். மிக்சிதான் இருக்கிறது என்றால் நிறையத் தண்ணீர் ஊற்றி, விட்டுவிட்டு, கொஞ்ச நேரம் மட்டும் ஓட்டுங்கள். இட்லி மாவு ஆட்டும் கிரைண்டரில் மட்டும் வேண்டாம். அச்சு மை கல்லில் ஏறிவிடும்.

காகிதமும் முக்கியம். செய்தித்தாளில் மரத்தை இயந்திரத்தால் அரைத்த கூழ் கலந்திருந்தால், மரத்தில் இழைகளை இறுக்கிப் பிடித்திருக்கும் லிக்னின் என்ற பொருள் அப்படியே இழைமேல் ஒட்டியிருக்கும். அது கைகோப்பைத் தடுக்கும், இழையையும் விறைப்பாக வைக்கும். வெயிலில் கிடந்த தாள் பழுப்பதற்கும் லிக்னின்தான் காரணம். எழுதி முடித்த நோட்டுத் தாள்கள் இதைவிட நல்ல கூழ் தரும். பளபளப்பான வார இதழ் அட்டையில் வெள்ளைக் களிமண் பூச்சு இருக்கும். அந்தத் துகள்கள் இழைகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு விலக்கிவிடும். கல்யாணப் பத்திரிகையைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள். பல பத்திரிகைகள் பிளாஸ்டிக் தாள் ஒட்டியவை.

இப்போது வெந்தயம். ஊறவைத்த வெந்தயத்தில் கைவிட்டால் வழுவழுவென்று வருகிறதே, அது காலக்டோமன்னன் என்ற மாவுச்சத்து உறவுப் பொருள். மேனோஸ் என்ற சர்க்கரை அலகுகளால் ஆன முதுகெலும்பு, அதில் கிட்டத்தட்ட ஒவ்வோர் அலகிலும் காலக்டோஸ் என்ற இன்னொரு சர்க்கரையின் கிளை. செல்லுலோஸைப் போலவே இதற்கும் உடம்பெல்லாம் ஹைட்ராக்சில் கைகள். இழை எட்டாத இடைவெளிகளில் இது படலமாக நிரம்பி, காய்ந்ததும் இரு பக்கத்தையும் பிடித்துக்கொள்ளும். கிளைகள் நெருக்கமாக இருப்பதால் பச்சைத் தண்ணீரிலேயே கரையும். மைதாப் பசையைப் போல அடுப்பில் வைத்துக் காய்ச்ச வேண்டாம். அரைக்கும்போது இழைகள் கட்டிதட்டாமல் வழுக்கி நகரவும், நீர் சட்டென்று வடியாமல் இருக்கவும் உதவும். நம் ஊர்ச் சீனியவரைக்காய், அதாவது கொத்தவரை, இதே குடும்பப் பிசினை விதையில் வைத்திருக்கிறது. அதில் இரண்டு மேனோஸுக்கு ஒரு கிளைதான். வெற்று முதுகு அதிகம் இருப்பதால் செல்லுலோஸ்மேல் நன்றாகப் படியும். காகித ஆலைகள் உறுதிக்காகக் கூழில் அந்தப் பிசினைச் சேர்ப்பது உண்டு. புளியங்கொட்டைப் பசையும் சளைத்ததில்லை. செடியின் செல்சுவரில் செல்லுலோஸைக் கட்டிவைக்கும் பொருளின் நெருங்கிய உறவு அது.

பூச்சி விஷயத்தில் நான் ஆச்சியின் கட்சி இல்லை. வெந்தயத்தின் கசப்பு உண்மைதான். ஆனால் வெள்ளிப்பூச்சிக்கு மைதாப் பசை விருந்து என்பதால், மைதாவுக்குப் பதில் வெந்தயம் போட்ட பெட்டி தப்பித்திருக்கலாம். கறையானுக்குச் செல்லுலோஸே சாப்பாடு. கசப்பை நம்பி ஈரத் தரையில் பெட்டியை வைக்காதீர்கள்.

இதையெல்லாம் நம் பக்கத்திலேயே அளந்து பார்க்கலாம் என்பதுதான் என் ஆதங்கம். வெந்தயம், கொத்தவரை, புளியங்கொட்டை மூன்றிலும் பட்டை செய்து இழுத்துப் பார்க்க ஓர் இழுவிசைக் கருவியும் ஈரப்பதம் மாறாத ஓர் அறையும் போதும். நாட்டின் மொத்த உற்பத்தியில் ஆராய்ச்சிக்குப் போவது ஏறத்தாழ 0.64 விழுக்காடு, அதிலும் நானோ என்று பெயர் வைத்தால்தான் கதவு திறக்கிறது. திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் 1987 முதல் மாவட்ட அறிவியல் மையம் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் அங்கே வந்து பொத்தானை அழுத்திவிட்டுப் போவதோடு, கூழ்ப் பட்டையில் எடைக்கல் தொங்கவிட்டு எது முதலில் அறுகிறது என்று பார்த்துப் போனால் எனக்கு இன்னும் சந்தோஷம்.

விரிசலுக்கு வருவோம். மதினியின் கண்ணுக்கு இதில் பங்கு இல்லை. இழைகளை நெருக்கும் அதே விசைதான் பெட்டியையும் சுருக்குகிறது. கவிழ்த்த பானையின் வெளிப்புறம் அப்பிய கூழ் சுருங்கப் பார்க்கும். உள்ளே பானை விடாது. வளையமாக இழுபட்டு, மெல்லிய இடத்தில் வாய்பிளக்கும். சித்திரை வெயிலில் வைத்தால் மேல்தோல் முதலில் காய்ந்து சுருங்க, உள்ளே ஈரம் நிற்க, சங்கடம் இரட்டிப்பு. அதற்கு எளிய வழி, கூழைப் பாத்திரத்தின் உட்புறம் அப்புவது. சுருங்கும்போது தானாகவே சுவரைவிட்டு விலகிக் கையோடு வந்துவிடும். வெளிப்புறம்தான் அப்ப வேண்டுமென்றால் பானைக்கும் கூழுக்கும் நடுவே துணி சுற்றுங்கள். முதல் நாள் நிழலில் காயவிட்டு, அரை ஈரத்தில் கழற்றி, பிறகு வெயிலுக்குக் கொண்டுபோங்கள். தென்காசிப் பக்கம் சாரல் அடிக்கும் ஆனி, ஆடியில் இந்த வேலையே வேண்டாம். காய நாளாகும், பூஞ்சை முந்திக்கொள்ளும்.

பெட்டியில் என்ன போடலாம் என்றால் பூண்டு, வெங்காயம், நூல்கண்டு, சாவி. முறுக்கும் அதிரசமும் கூடாது. செய்தித்தாளில் உணவைப் பொதிய வேண்டாம் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-இலேயே சொல்லிவிட்டது. அரைத்தாலும் மை மைதான்.

விரிசல் விழுந்த பெட்டியைத் தூக்கிப்போட வேண்டாம். புதுக் கூழை உலர்ந்த விரிசலில் அப்பினால் தனியே சுருங்கிப் பிரிந்துவிடும். முதலில் விரிசலின் இரு பக்கமும் ஈரத்துணி வைத்து இளகவிடுங்கள். பழைய இழை பருத்துத் தன் கைகளை விடுவித்த பிறகு வெந்தயக் கூழை அழுத்தித் தேய்த்தால் இரண்டும் சேர்ந்து காயும். பெட்டி முழுவதும் நைந்துபோனால் மறுபடி ஊறவைத்து அரைக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறை காயும்போதும் இழைக்குள் சில பிணைப்புகள் நிரந்தரமாக இறுகி, அடுத்த தடவை முன்போல் பருக்காது. அதனால் பழைய பெட்டியின் கூழில் பாதிக்குப் பாதி புது நோட்டுத் தாளைக் கலந்துகொள்ளுங்கள்.