கொமோடோர் 64-க்குப் புதிய மின்வழங்கி அமைப்பது எப்படி?

1982-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த கொமோடோர் 64 என்னும் வீட்டுக் கணினி பலரிடம் இன்றும் நன்றாக இயங்குகிறது. ஆனால் அதனுடன் வந்த மின்வழங்கிப் பெட்டியை இன்று நம்பி இணைப்பது அறிவுடைமை ஆகாது. அப்பெட்டி 5 வோல்ட் நேர்த்திசை மின்சாரத்தையும் 9 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தையும் தனித்தனியே தருகிறது. 5 வோல்ட்டைச் சீராக்கும் ரெகுலேட்டர், மிகுதியான ஆற்றலை வெப்பமாகவே கழிக்கும் பழைய வகையைச் சேர்ந்தது. பெட்டியின் உள்ளே எபாக்சி பிசின் நிரப்பப்பட்டிருப்பதால் அந்த வெப்பம் எளிதில் வெளியேறாது. ரெகுலேட்டர் பழுதாகி அதன் உள்ளீடும் வெளியீடும் ஒட்டிக்கொண்டால் 5 வோல்ட் கம்பியில் மின்னழுத்தம் எகிறும். 7 வோல்ட்டுக்கு மேல் தாங்காத நினைவகச் சில்லுகள் கருகும். மின்னோட்டத்தை மட்டுமே கண்காணிக்கும் ஃபியூஸ் இதைத் தடுக்காது.

இந்த 5 வோல்ட் பகுதிக்கு, 3 ஆம்பியர் தரக்கூடிய இன்றைய எஸ்.எம்.பி.எஸ். (மின்சாரத்தை வேகமாக விட்டுவிட்டுச் செலுத்தி அழுத்தத்தைச் சீராக்கும் மின்வழங்கி) ஒன்றே போதும். கணினி கேட்பது சுமார் 1.5 ஆம்பியர்தான். இருப்பினும், போகும் கம்பி, திரும்பும் கம்பி இரண்டின் மொத்த மின்தடை 0.2 ஓம் என்றால் வழியிலேயே 0.3 வோல்ட் இழக்கப்பட்டு, சில்லுகளுக்குத் தேவையான 4.75 வோல்ட்டுக்கும் கீழே அழுத்தம் இறங்கிவிடும் என்பதால், தடித்த கம்பியைப் பயன்படுத்தி, அளவைக் கணினியின் முனையிலேயே பார்க்க வேண்டும். அழுத்தம் ஏறக்குறைய 5.5 வோல்ட்டைத் தாண்டினால் இணைப்பைத் துண்டிக்கும் காப்புச் சுற்று ஒன்றையும் சேர்ப்பது நல்லது.

9 வோல்ட் பகுதியில்தான் பலர் இடறுகிறார்கள். அங்கே நேர்த்திசை அடாப்டரை இணைக்க முடியாது. தொடக்ககாலச் சுற்றுப்பலகைகளில் ஒலிச் சில்லுக்கும் காட்சிச் சில்லுக்கும் வேண்டிய 12 வோல்ட்டை, கணினி தன்னுள் இருக்கும் டையோடுகள், மின்தேக்கிகள் ஆகியவற்றின் துணையுடன் இந்த மாறுதிசை மின்சாரத்திலிருந்தே உயர்த்திப் பெறுகிறது. திசை மாறாத மின்சாரத்தில் அந்த உயர்த்தல் நிகழாது. மேலும், 6526 என்னும் சில்லில் உள்ள நேரங்காட்டி, மின்சாரத்தின் அலைகளை எண்ணியே நேரத்தைக் கணிக்கிறது: 50 ஹெர்ட்ஸ் என்றால் ஐந்தாலும், 60 ஹெர்ட்ஸ் என்றால் ஆறாலும் வகுத்து, நொடியின் பத்தில் ஒரு பங்கைப் பெறுகிறது. (இந்நேரங்காட்டியை எல்லா நிரல்களும் பயன்படுத்துவதில்லை, ஆகவே நேர்த்திசை மின்சாரத்தில் அது நின்றுபோனது உடனே தெரியாமலும் போகலாம்.)

எனவே இப்பகுதிக்குச் சாதாரண இரும்பு உள்ளக மின்மாற்றியே வேண்டும். தேவை 9 வோல்ட், 1 ஆம்பியர் என்பதால் 20 வோல்ட்-ஆம்பியர் திறனுள்ள ஒன்று தாராளம். அதன் இரண்டாம் சுருளின் எந்த முனையையும் 5 வோல்ட்டின் தரைக்கம்பியுடன் இணைக்கக் கூடாது. கணினிக்குள் மாறுதிசை மின்சாரத்தை நேர்த்திசையாக்கும் டையோடு பாலம் ஏற்கெனவே அத்தரையைச் சார்ந்திருப்பதால், அப்படி இணைத்தால் ஒரு டையோடு வழியாகச் சுருள் குறுக்குச் சுற்றாகும். இரண்டு பகுதிகளுக்கும் ஒரே சுவிட்ச் இருப்பதும், 230 வோல்ட் இணைப்புகள் அனைத்தும் மூடிய காப்புப் பெட்டிக்குள் இருப்பதும் கட்டாயம்.

கணினியை இணைக்கும் முன், 5 வோல்ட் முனையில் 10 வாட் தாங்கும் 3.3 ஓம் மின்தடையத்தை வைத்துப் பார்க்கலாம். அதில் ஏறத்தாழ 1.5 ஆம்பியர் பாயும். அரை மணி நேரத்துக்குப் பின்னும் மீட்டர் 4.75-க்கும் 5.25-க்கும் இடையில் நின்றால் கணினியின் செருகியைப் பொருத்தலாம்.