துண்டு போட்டு இடம் பிடிக்கும் மருந்து

"ஹெராயினுக்கு அடிமையானவருக்கு அதே வகை மருந்தையே கொடுத்து வைத்தியம் பார்க்கிறார்களாமே, இது கள்ளை நிறுத்தச் சாராயம் கொடுப்பது போல இல்லையா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நியாயமான சந்தேகம்தான்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வீடற்றவர்களுக்கென்றே 1985-இல் தொடங்கிய மருத்துவத் திட்டம் ஒன்று உண்டு. அதன் முதல் மருத்துவர் ஜிம் ஓ'கானல். ஸ்டெதாஸ்கோப்பை ஓரமாக வைத்துவிட்டு முதலில் இவர்கள் கால்களைக் கழுவுங்கள் என்று செவிலியர்கள் அவரிடம் சொன்னார்களாம். அந்தத் திட்டத்தில் சிகிச்சை பெற்ற 28,033 பேரை 2003 முதல் 2008 வரை கவனித்ததில், அவர்களை அதிகம் கொன்றது எய்ட்ஸோ மாரடைப்போ அல்ல, அளவு மீறிய போதை மருந்து. அதில் பெரும்பங்கு ஓபியாய்டுகள், அதாவது ஹெராயின், மார்பின் போன்ற அபினி வகை மருந்துகள்.

இந்த மருந்துகள் வந்து ஒட்டிக்கொள்ளும் இடங்கள் மூளையில் உண்டு, ஓபியாய்டு ஏற்பிகள் என்று பெயர். அவற்றைப் பேருந்து இருக்கைகள் என்று வைத்துக்கொள்வோம். ஹெராயின் சத்தம் போடும் பயணி. ஏறி உட்கார்ந்ததும் ஒரே ஆர்ப்பாட்டம், அதுதான் போதை. எல்லா இருக்கையிலும் இவரே உட்கார்ந்தால் மூச்சு நின்றுவிடும். சில மணி நேரத்தில் இறங்கிப் போய்விடுவார். காலியான பேருந்து அடுத்த ஆளைக் கேட்டு அலறும். உடல் நடுக்கம், வாந்தி, வயிற்றுப்போக்கு எல்லாம் அந்த அலறல்தான்.

வாசகர் கேட்ட வைத்தியத்துக்குக் கொடுக்கும் புப்ரெனார்பினும் ஓபியாய்டுதான், ஆனால் வேறு ரகம். துண்டு போட்டு இடம் பிடித்துவிட்டால் லேசில் எழுந்திருக்காது. ஆனால் வாய்க்குள் முணுமுணுப்பதோடு சரி. இருக்கை நிரம்பியிருப்பதால் உடல் அலறாது. பின்னால் ஹெராயின் வந்தாலும் உட்கார இடமில்லை. அளவைக் கூட்டினாலும் முணுமுணுப்பு ஒரு கட்டத்துக்கு மேல் ஏறாது என்பதால் மூச்சு நிற்கும் அபாயம் குறைவு (குடியோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் கதை வேறு). பற்றும் வலு அதிகம், கிளப்பும் வலு குறைவு. இரண்டையும் ஒரே மூலக்கூறில் பார்க்கும்போது எனக்கு இன்றும் வியப்பு தீரவில்லை.

இதில் ஒரு வம்பும் உண்டு. ஹெராயின் இன்னும் உட்கார்ந்திருக்கும்போதே இது ஏறினால், அதை நெட்டித் தள்ளிவிட்டு உட்காரும். ஆர்ப்பாட்டம் திடீரென்று வெறும் முணுமுணுப்பாக அடங்கிப்போகும், அந்தச் சரிவு தாங்காமல் நோயாளி துடித்துப்போவார். அதனால் கடைசி ஊசிக்குப் பின் அரை நாளாவது காத்திருக்கச் சொல்வார்கள். நடைபாதையில் படுத்திருப்பவர் நடுங்கிக்கொண்டே எங்கே காத்திருப்பார்? ஹெராயினைவிட வீரியமான செயற்கை ஓபியாய்டான ஃபெண்டனில் என்றால் இன்னும் மோசம். அது கொழுப்பில் பதுங்கி நாள்கணக்கில் கசியும். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர மருத்துவர்கள் இதற்கொரு வழி கண்டார்கள். போதையை உடனே நிறுத்தச் சொல்லாமல், துளித்துளியாக மருந்தைக் கொடுத்து ஒவ்வொரு இருக்கையாகப் பிடிப்பது.

பிரான்ஸ் 1995-இல் சாதாரணக் குடும்ப மருத்துவரே புப்ரெனார்பினை எழுதித்தரலாம் என்றது. நான்கே ஆண்டுகளில் அளவு மீறிய போதையால் நேர்ந்த மரணங்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தன. அமெரிக்காவிலோ, அடிமையாக்கும் வலி மாத்திரையை மருத்துவர்கள் தாராளமாக எழுத முடிந்தது. அடிமைத்தனத்துக்கு இந்த மருந்தை எழுதத்தான் தனி அனுமதி வேண்டியிருந்தது. அந்தக் கோணல் விதி 2022-இன் கடைசி நாட்களில்தான் ஒழிந்தது. நம் ஊரில் கோயிலில் கயிறு கட்டி விட்டுவிடு என்பார்கள், அங்கே மன உறுதி வேண்டும் என்பார்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. ஏற்பிக்குக் கயிறும் தெரியாது, உறுதிமொழியும் தெரியாது.

சரி, தெருவில் இருப்பவர் மாத்திரையை எங்கே வைப்பார்? தூங்கும்போது பையோடு போய்விடும். அதற்காக வந்ததுதான் புப்ரெனார்பின் மாத ஊசி, அமெரிக்காவில் 2017-இல் அனுமதி பெற்றது. வயிற்றுத் தோலுக்கடியில் போட்டதும் கெட்டியாகி, சிறு கட்டியாக உட்கார்ந்து ஒரு மாதம் மருந்தைக் கசியவிடும். களவு போக ஒன்றுமில்லை. விலைதான் இடித்தது: சந்தைக்கு வந்தபோது ஒரு ஊசி 1,580 டாலர்.