மின் ஸ்கூட்டர் பற்றரி: கடையில் கேட்க உங்களுக்கு உள்ள உரிமை

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்கு ஏறக்குறைய ஐம்பது கிலோமீற்றர். மாங்குளத்திலிருந்து போனாலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். வன்னியில் மின் ஸ்கூட்டர் வாங்கப் போகிறவர் விலைக்கு முதலே கேட்பது, "ஒருக்கா சார்ஜ் போட்டால் எவ்வளவு ஓடும்?" என்பதைத்தான். கடையில் எண்பது என்பார்கள், நூறு என்பார்கள். அது வெறும் வியாபாரப் பேச்சு என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். ஆனால் அந்தப் பேச்சுக்குச் சட்டத்தில் பொறுப்பு இருக்கிறது.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம்தான் இங்கே கைகொடுப்பது. பொருளின் தரம், வகை, சேர்மானம் பற்றிப் பொய் சொல்லி விற்பதையும், பாவித்ததைப் புதியது என்று விற்பதையும் அதன் 31ஆம் பிரிவு தடுக்கிறது. கொடுத்த உத்தரவாதத்துக்குப் பொருள் ஒத்துவராவிட்டால் 13ஆம் பிரிவின் கீழ் முறையிடலாம். அந்த உத்தரவாதம் வெளிப்படையாகச் சொன்னதாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. விசாரணையில் முறைப்பாடு சரி என்று கண்டால் நட்டஈடு கொடு, பொருளை மாற்றிக் கொடு, அல்லது காசைத் திருப்பிக் கொடு என்று அதிகாரசபை கட்டளையிடலாம்.

இதில் ஒரு பொறி உண்டு. முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், அதுவும் பொருளை வாங்கிய 3 மாதத்துக்குள். அட்டையில் ஒரு வருடம், இரண்டு வருடம் என்று உத்தரவாதம் போட்டிருந்தாலும் இந்த மூன்று மாதக் கணக்கு மாறாது. பற்றரியோ முதல் மாதத்தில் நன்றாகவே ஓடிக் காட்டும். ஆகவே வாங்குகிற அன்றே சரியாகத் தெரிந்தெடுப்பதும், உடனே சோதிப்பதும்தான் உங்கள் உரிமையைக் காப்பாற்றும்.

கடைக்காரர் சொல்லும் தூரத்தை நீங்களே கணக்குப் பார்க்கலாம். பற்றரியின் வோல்ற்றை அம்பியர் மணியால் பெருக்கினால் வற் மணி வரும், அதாவது பற்றரியில் அடங்கும் மின்சக்தியின் அளவு. 60 வோல்ற், 20 அம்பியர் மணி என்றால் 1200. சாதாரண வேகத்தில் ஒரு ஸ்கூட்டர் கிலோமீற்றருக்கு 25 முதல் 30 வற் மணி வரை இழுக்கும். ஆக, 40 கிலோமீற்றர் என்பதே நல்ல கணக்கு. பின்னால் ஆள், எதிர்க்காற்று, மாரியில் சேறான கிரவல் ரோட்டு என்றால் அதுவும் குறையும். இதே பற்றரிக்கு எண்பது சொன்னால் அது கதைதான்.

குறைந்த விலை ஸ்கூட்டர்களில் பெரும்பாலும் ஈய அமில பற்றரி இருக்கும். இருக்கையைத் தூக்கிப் பாருங்கள்: கறுப்புப் பெட்டியாக ஐந்து கட்டைகள், மேலே 6-டிஇசட்எஃப்-20 (6-DZF-20) என்று அச்சடித்திருந்தால் ஒவ்வொன்றும் 12 வோல்ற், 20 அம்பியர் மணி. ஐந்தும் சேர்ந்து முப்பது கிலோவுக்கு மேல் பாரம். ஒவ்வொரு நாளும் முழுக்க இறக்கி ஓடினால் 300 முதல் 500 சார்ஜுக்குள் களைத்துவிடும். பள்ளிக்கூடம், சந்தை, வயல் என்று பத்துப் பதினைந்து கிலோமீற்றருக்குள் ஓடுகிறவருக்கு இது போதும், காசும் மிச்சம்.

தூரம் ஓடுபவர் லித்தியத்துக்குப் போவதே நல்லது. அதிலும் இரண்டு வகை. லித்தியம் இரும்பு பொஸ்பேற், அதாவது எல்எஃப்பி, சூட்டைக் கூடுதலாகத் தாங்கும். 2000 சார்ஜுக்கு மேலும் போகும். நிக்கல், மங்கனீசு, கோபால்ற் சேர்ந்த என்எம்சி பாரம் குறைவு, ஆனால் சூட்டில் அவ்வளவு நம்பகம் இல்லை. வவுனியா, கிளிநொச்சி வெயிலுக்கு என் தெரிவு எல்எஃப்பிதான். எதுவானாலும் மத்தியான ஓட்டம் முடிந்து வந்தவுடன் தகரக் கூரைக்குக் கீழே சார்ஜ் போடாதீர்கள், கொஞ்சம் ஆறட்டும்.

சார்ஜரை மாற்றிப் போடுவது பெரிய ஆபத்து. 60 வோல்ற் ஈய அமிலத்துக்கான சார்ஜர் 73.5 வோல்ற் வரை ஏற்றும். அதே 60 வோல்ற் என்று விற்கும் 16 செல் என்எம்சிக்கு உச்சமே 67.2தான். பக்கத்து வீட்டுச் சார்ஜரை இரவல் வாங்கிக் கொளுவினால் தீப்பிடிக்கவும் கூடும், அதோடு உத்தரவாதமும் போகும்.

சரி, பற்றுச்சீட்டுக்கு வருவோம். கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும் என்கிறது சட்டத்தின் 28ஆம் பிரிவு. "ஸ்கூட்டர் 1" என்று மட்டும் எழுதித் தந்தால் வாங்காதீர்கள். பற்றரியின் வகை, வோல்ற், அம்பியர் மணி, தொடர் இலக்கம், உத்தரவாதக் காலம், பற்றரிக்குத் தனி உத்தரவாதமா என்பது, சொன்ன தூரம் எல்லாம் அதிலேயே எழுதட்டும். எழுதக் கடைக்காரர் தயங்கினால் அந்தத் தயக்கமே பதில்.

முதல் மாதத்திலேயே முழுச் சார்ஜில் தனியாக ஓடி, பற்றரி எச்சரிக்கை காட்டும் வரை எத்தனை கிலோமீற்றர் என்று பாருங்கள். புறப்படும்போதும் முடிக்கும்போதும் மீற்றரைத் திகதி தெரியப் படம் எடுங்கள். இரண்டாம் மாதக் கடைசியிலும் அதே வழியில் ஒருமுறை. குறைவு பெரிதாகத் தெரிந்தால் முதலில் கடைக்குச் சொல்லுங்கள், ஆனால் "அடுத்த கிழமை வாங்கோ" என்பதில் மூன்று மாதத்தைக் கரையவிடாதீர்கள்.

முறைப்பாட்டை மாவட்டச் செயலகத்தில் உள்ள அதிகாரசபை அலுவலகத்தில் கொடுக்கலாம். விவரம் கேட்க 1977 என்ற தொலைபேசி இலக்கம். மூன்று மாதம் கடந்துவிட்டாலும் கடையின் சொந்த உத்தரவாதம் செத்துப்போவதில்லை. நீதிமன்றம் போவதென்றால் 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டமும் இருக்கிறது. நீதிமன்றப் படி ஏறமுதல் உங்கள் பகுதி மத்தியஸ்த சபையில் கடைக்காரரோடு பேசித் தீர்க்கப் பார்க்கலாம்.

முறைப்பாட்டுக் கடிதத்தோடு பற்றுச்சீட்டு, உத்தரவாத அட்டை, மீற்றர் படங்கள் ஆகியவற்றின் பிரதிகளை மட்டும் இணையுங்கள், மூலங்கள் உங்களிடமே இருக்கட்டும். நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். தபாலில் என்றால் பதிவுத் தபாலில் அனுப்பித் துண்டைப் பத்திரமாக வையுங்கள்.